எல்லோரும் மொபைலில் சேரும் தொலைநிலை வகுப்பு: குரூப் வீடியோ கால் தாக்குப்பிடிக்க என்ன செய்யலாம்?

கணக்கியல்_ஆசிரியை

வணக்கம். தொலைநிலைக் கல்வியில் கணக்கியல் நடத்துகிறேன். மாணவர்கள் எல்லோரும் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். ஒரு குழுவில் 25 பேர் இருப்பார்கள், கிட்டத்தட்ட எல்லோருமே போனில்தான் சேருகிறார்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களும் அந்த நேரத்தில் வேலையிலோ வழியிலோ இருப்பதால் போன்தான். வாரத்தில் இரண்டு மாலை, தலா ஒன்றரை மணி நேரம், குரூப் வீடியோ கால்.

ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் நன்றாகப் போகிறது. அப்புறம் ஒவ்வொருவராக முகம் உறைந்து நிற்கும், குரல் விட்டு விட்டு வரும், யாராவது "மேடம், கேட்கவில்லை" என்று சாட்டில் போடுவார்கள். அரை மணி நேரம் தாண்டினால் போன் கையில் பிடிக்க முடியாத அளவு சுடுகிறது என்கிறார்கள். ஸ்க்ரீன் ஷேரில் நான் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் எண்கள் தெரிவதில்லை. டேட்டா தீர்ந்துபோய் பாதியில் காணாமல் போகிறவர்களும் உண்டு. வேகம் சோதிக்கும் தளத்தில் பார்த்தால் நல்ல எண் காட்டுகிறது என்று ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிறார்கள், ஆனால் அதே நேரத்தில் அவர்களுடைய கால் தடுமாறுகிறது. இது எனக்குப் புரியவே இல்லை.

ஆப்பை மாற்றினால் தீருமா, செட்டிங் விஷயமா, இல்லை வகுப்பு நடத்தும் முறையையே மாற்ற வேண்டுமா? கேமராவைக் கட்டாயம் ஆன் செய்யச் சொல்லலாம் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனமில்லை, ஆனால் 25 கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவதும் பெரிய சோர்வுதான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

பாக்கெட்

மேடம், வேகச் சோதனையில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் அந்த எண்ணை நம்பித்தான் குழம்புகிறார்கள்.

அந்தச் சோதனை சில நொடிகளுக்குப் பல இணைப்புகளைத் திறந்து எவ்வளவு இழுக்க முடியும் என்று பார்க்கிறது. பெரிதாகக் கண்ணில் படுவது டவுன்லோட் எண். வீடியோ காலுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. அதற்கு வேண்டியது சின்ன அளவில், இடைவிடாமல், சீராக வந்துகொண்டே இருக்கும் ஓட்டம், அதுவும் இரண்டு திசையிலும். குரல் 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட், அதாவது ஒரு சின்னத் தரவுப் பொட்டலம், என்று போகிறது, நொடிக்கு 50. அதில் சில தொலைந்தாலோ தாமதமாக வந்தாலோ குரல் உடைகிறது. மொத்தக் கொள்ளளவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதற்கு உதவாது.

அப்லோட் பக்கம்தான் போன் உண்மையில் பலவீனமானது. 4ஜி போன் ஒன்று அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவில்தான் சிக்னல் அனுப்பும், டவர் அனுப்புவதோ பல வாட். அதனால் டவரில் இருந்து தள்ளி இருப்பவருக்கு நீங்கள் பேசுவது நன்றாகக் கேட்கும், அவர் பேசுவது உங்களுக்கு உடைந்து வரும். சிக்னல் குறையக் குறைய போன் தன் முழு சக்தியையும் போட்டு அனுப்பப் பார்க்கும். சூடாவதில் ஒரு பங்கு இங்கிருந்தே வருகிறது. சுவர்கள் சூழ்ந்த உள்ளறையில் இருந்து ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காரச் சொல்லுங்கள். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் குரலுக்கும் சூட்டுக்கும் இரண்டுக்குமே உதவும்.

அடுத்து, ஆப் எப்படி வேலை செய்கிறது என்பது. எல்லா குரூப் காலும் ஒரே மாதிரி கட்டப்பட்டதல்ல. முதல் வகையில் ஒவ்வொரு போனும் மற்ற எல்லாப் போன்களுக்கும் நேரடியாக அனுப்பும். இரண்டு மூன்று பேருக்கு அது சரி. 25 பேர் என்றால் ஒவ்வொருவரும் தன் வீடியோவை 24 பிரதிகள் அனுப்ப வேண்டும். ஒரு பிரதிக்கு 300 கேபிபிஎஸ் (நொடிக்கு 300 கிலோபிட்) என்று சிக்கனமாக வைத்தாலும் 7.2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 7.2 மெகாபிட்) அப்லோட். பெரும்பாலான போன்கள் இதைத் தாங்காது. இரண்டாவது வகையில் சர்வர் எல்லோரையும் ஒரே படமாகக் கலந்து அனுப்பும். போனுக்கு இது லேசு, ஆனால் சர்வரின் வேலை பலமடங்கு. இப்போது பெரும்பாலும் பயன்படுவது மூன்றாவது வகை, எஸ்எஃப்யூ என்பார்கள்: நீங்கள் சர்வருக்கு அனுப்பினால் போதும், யாருக்கு எது தேவையோ அதை மட்டும் அது எடுத்து அனுப்பும். ஜிட்சி, பிக்புளூபட்டன் என்ற வீடியோ கால் மென்பொருள்கள் இரண்டும் குரூப் வீடியோவுக்கு இந்த முறையைத்தான் நம்பியிருக்கின்றன.

இந்த மூன்றாவது வகையில் சிமுல்காஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. அனுப்புகிற சாதனம் ஒரே வீடியோவைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று சில அளவுகளில் அனுப்பும். கட்டை விரல் அளவு கட்டத்தில் உங்களைப் பார்க்கிறவருக்கு சர்வர் சிறியதை மட்டும் அனுப்பும். இது இல்லாத ஆப்பில், மிக மோசமான இணைப்பு உள்ளவருக்காக எல்லோருடைய தரமும் இறங்கும், அல்லது அவர் மட்டும் விழுந்துகொண்டே இருப்பார். ஆகவே ஆப்பை மாற்றுவதா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போது பயன்படுத்துவது நேரடியாகப் போனுக்குப் போன் அனுப்பும் வகை என்றால் உடனே மாற்றுங்கள். இல்லையென்றால் ஆப்பைக் குறை சொல்வதில் பெரிய பயன் இல்லை.

டேட்டா கணக்கு சுலபம். ஒரு எம்பிபிஎஸ் ஓட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. 300 கேபிபிஎஸ் என்றால் 135 எம்பி. அனுப்புவது, பெறுவது இரண்டையும் கூட்டித்தான் டேட்டா கழியும் என்பதை மறக்கக்கூடாது. குரல் மட்டும் என்றால்? ஓபஸ் என்ற ஒலிச் சுருக்க முறை 2012இல் தரமாக வந்தது, இணைய அழைப்புகள் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. 24 கேபிபிஎஸ்ஸில் பேச்சு மிகத் தெளிவாக இருக்கும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முகவரிச் சுமை 40 பைட், நொடிக்கு 50 பாக்கெட், அது ஒரு 16 கேபிபிஎஸ். மொத்தம் 40 என்று வையுங்கள், ஒரு திசையில் ஒரு மணி நேரத்துக்கு 18 எம்பி. சில ஆப்கள் இதைவிட இரண்டு மடங்கு எடுக்கும், அப்போதும் 40 எம்பிக்குள். உங்கள் ஒன்றரை மணி வகுப்பில் டேட்டா தீர்ந்து காணாமல் போகிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கே விடை.

இன்னொன்று, ஓபஸில் தொலைந்த பாக்கெட்டை ஈடுகட்ட வழி இருக்கிறது. அடுத்து வரும் பாக்கெட்டுக்குள் முந்தையதன் தரம் குறைந்த பிரதி ஒன்றை வைத்தே அனுப்பலாம், ஒன்றிரண்டு தொலைந்தால் காதுக்கே தெரியாது. ஆனால் வீடியோவும் குரலும் ஒரே குறுகிய பாதையில் முட்டிக்கொண்டு போகும்போது இதுவும் கைகொடுக்காது. அதனால் நெருக்கடியில் முதலில் விட வேண்டியது வீடியோ. குரலை எந்த நிலையிலும் விடக்கூடாது.

கணக்கியல்_ஆசிரியை

மிக்க நன்றி சார். வேகச் சோதனை விஷயம் இப்போதுதான் தெளிவானது. நாங்கள் பயன்படுத்துவது நீங்கள் சொன்ன மூன்றாவது வகைதான், சர்வர் வழி.

குரல் மட்டும் போதும் என்றால் வகுப்பு வானொலி மாதிரி ஆகிவிடாதா? நான் பேசிக்கொண்டே போவேன், அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதோடு கணக்கியலில் பேரேட்டைக் காட்டாமல் எதையும் விளக்க முடியாது.

பாடத்திட்டக்காரர்

மேடம், வானொலி ஆகிவிடுமா என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் இப்போதே அது வானொலிதான், மேலே வீடியோ ஒட்டியிருக்கிறது. நீங்கள் ஒன்றரை மணி நேரம் பேசுகிறீர்கள், அதைக் கேட்க 25 பேர் ஒரே நேரத்தில் நல்ல சிக்னலோடு இருந்தாக வேண்டும். அந்த நிபந்தனையே தேவையில்லாதது.

தொலைநிலைக் கல்வியில் மைக்கேல் மூர் 1989இல் மூன்று வகை ஊடாட்டங்களைப் பிரித்துச் சொன்னார். மாணவருக்கும் பாடத்துக்கும் இடையே, மாணவருக்கும் ஆசிரியருக்கும் இடையே, மாணவருக்கும் மாணவருக்கும் இடையே. முதலாவதற்கு நேரலை வேண்டாம். பாடத்தை 10, 12 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்து முன்கூட்டியே கொடுத்துவிடலாம், அவரவர் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொள்வார்கள், புரியாத இடத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஒலி மட்டும் உள்ள பிரதியும் கொடுங்கள், 32 கேபிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரப் பேச்சு 15 எம்பிகூட வராது. வேலைக்குப் போகும் வழியில் கேட்கிறவர்கள் அதைத்தான் விரும்புவார்கள்.

நேரலை என்பது விலை உயர்ந்த பொருள். அதை மூன்றாவதற்கு, மாணவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்குச் செலவிடுங்கள். தனியாகப் படிக்கிறவருக்கு அதுதான் எங்குமே கிடைக்காதது. தொலைநிலைப் படிப்பைப் பாதியில் விடுகிறவர்களிடம் பேசினால், பாடம் கடினம் என்பதைவிட "கேட்க ஆளில்லை" என்பதுதான் அடிக்கடி வரும். இந்த ஒரு விஷயத்துக்காகவே குரூப் வீடியோவை நான் மதிக்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். நேரலையை 45 நிமிடமாகக் குறையுங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோரும் ஒன்றாக, ஒரு கணக்கை முன்வைக்கிறீர்கள். பிறகு நான்கு நான்கு பேராகத் தனி அறைகளுக்கு அனுப்புகிறீர்கள். நான்கு என்பதற்குக் காரணம் இருக்கிறது: போன் திரையில் முகம் தெரியும் அளவுக்கு நான்கு கட்டங்கள்தான் பொருந்தும், நான்கு பேரில் ஒருவர் ஒளிந்துகொள்ளவும் முடியாது. அறைக்குள் கேமரா ஆன் செய்வது அவர்கள் விருப்பம். ஆனால் பாருங்கள், 25 பேர் முன்னால் கேமராவை மூடி வைத்தவர்கள் நான்கு பேர் மத்தியில் தாமாகவே திறப்பார்கள். பொது அறையில் நீங்களும் அப்போது பேசுகிறவரும் மட்டும் வீடியோவில் இருந்தால் போதும்.

கேமராவைக் கட்டாயமாக்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வீட்டில் தனி அறை இல்லாதவர் இருப்பார், டேட்டா எண்ணி எண்ணிச் செலவு செய்பவர் இருப்பார். ஸ்டான்ஃபோர்டில் ஜெரமி பெய்லன்சன் 2021இல் வீடியோ அழைப்புச் சோர்வுக்கு நான்கு காரணங்களை முன்வைத்தார்: பல முகங்கள் மிக நெருக்கத்தில் நம்மையே பார்ப்பது, தன் முகத்தைத் தானே விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது, ஒரே இடத்தில் அசையாமல் உட்கார வேண்டியிருப்பது, உடல்மொழியைப் புரிந்துகொள்ளவும் காட்டவும் மூளை கூடுதலாக உழைப்பது. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள் மேல் இவ்வளவையும் ஏற்றி வருகைப்பதிவு எடுப்பதில் என்ன படிப்பு நடக்கும்?

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நான் மிகவும் நம்புவது. மேரி பட் ரோவ் என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாகவும் யோசித்தும் வரத் தொடங்கின. அது நேரடி வகுப்பில். போனில் ஒருவர் யோசித்து, சாட்டை மூடி, மியூட்டை எடுத்து, தாமதத்தைத் தாண்டிப் பேச வேண்டும். பத்து நொடியாவது காத்திருங்கள். அமைதி நீளமாகத் தெரியும், பரவாயில்லை. "யோசியுங்கள், காத்திருக்கிறேன்" என்று முன்பே சொல்லிவிட்டால் நெட் போய்விட்டதோ என்று யாரும் பதற மாட்டார்கள்.

இரவுமாணவன்

நான் மாணவன் பக்கம் இருந்து சொல்கிறேன் மேடம், ஒரு வருடத்துக்கு மேலாகப் போனிலேயே படிக்கிறேன்.

ஸ்க்ரீன் ஷேர்தான் எங்களுக்குப் பெரிய வேதனை. ஆசிரியர் தன் பெரிய மானிட்டரை முழுசாகக் காட்டுவார், அது எங்கள் கையில் உள்ளங்கை அளவில் வரும். அதில் ஒரு எக்செல் தாள், பன்னிரண்டு பத்திகள். விரலால் பெரிதாக்கினால் அவர் அடுத்த மூலைக்குப் போயிருப்பார். முழுத் திரையைக் காட்டாமல் அந்த ஒரு விண்டோவை மட்டும் காட்டுங்கள், அதையும் போன் வடிவத்துக்குக் குறுக்கி, ஜூமை 200 சதவீதத்துக்கு ஏற்றிக் காட்டுங்கள். வேகமாக மேலும் கீழும் உருட்டாதீர்கள், உருட்டினால் எங்களுக்கு மங்கல்தான் வரும், நிறுத்தி ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பேசினால் எழுத்து தெளிந்துவிடும். "இங்கே பாருங்கள்" என்று சொல்லாமல் "மூன்றாவது வரி, பற்று பக்கம்" என்று வாயால் சொல்லுங்கள். படம் உறைந்திருந்தாலும் எங்களால் தொடர முடியும்.

இதைவிட நல்லது, அந்தத் தாளை முன்னமே பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுவது. நான் பிரிண்ட் எடுத்தோ நோட்டில் எழுதியோ வைத்துக்கொள்வேன், வகுப்பில் குரல் மட்டும் கேட்டாலும் போதும்.

அப்புறம், போனில் வகுப்பு என்பது போனில் எல்லாமும்தான். வகுப்பு நடக்கும்போது அழைப்பு வந்தால் மைக் அந்தப் பக்கம் போய்விடும். பிடிஎஃபைத் திறக்க வேறு ஆப்புக்குப் போனால் என் கேமரா நின்றுவிடும், நான் எழுந்து போய்விட்டேன் என்று நினைக்கிறார்கள். நான் பாடத்தில்தான் இருக்கிறேன்! பேட்டரி சேமிப்பு ஆன் ஆகியிருந்தால் சில போன்கள் பின்னணியில் இருக்கும் ஆப்பையே மூடிவிடும். முதல் வகுப்பில் இதையெல்லாம் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நிறைய உதவியாக இருக்கும்: தொந்தரவு செய்யாதே என்ற நிலையை ஆன் செய்வது, அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குவது, வைஃபையா மொபைல் டேட்டாவா என்று முன்பே ஒன்றைத் தேர்ந்து அதிலேயே இருப்பது. வீட்டு வைஃபை எல்லையில் நடந்துகொண்டே பேசினால் அதற்கும் இதற்கும் தாவித் தாவிக் கால் அறுந்துபோகும்.

விழுந்து திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் யோசியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து உள்ளே வரும்போது என்ன நடக்கிறது என்றே தெரியாது, கேட்கவும் கூச்சம். என் ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பகுதி தொடங்கும்போதும் "இப்போது பக்கம் 14, கணக்கு 3" என்று சாட்டில் ஒரு வரி போடுவார். ஆனால் சில ஆப்களில் தாமதமாகச் சேர்ந்தவருக்குப் பழைய சாட் தெரியாது, அதனால் குழுவின் மெசேஜ் ஆப்பிலும் போடுவார். அந்த ஒரு வரிக்காக அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

பாக்கெட்

தம்பி சொன்ன திரை விஷயத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ஸ்க்ரீன் ஷேர் என்பது உங்கள் திரையை வீடியோவாக மாற்றி அனுப்புவது. அசையாத திரை என்றால் மாற்றம் எதுவும் இல்லை, அனுப்ப வேண்டியதும் கொஞ்சம்தான், அதனால் கூர்மையாக வரும். உருட்டினால் முழுப் படமும் மாறுகிறது, முதலில் மங்கலாக அனுப்பி அப்புறம்தான் தெளிவாக்கும். பிக்புளூபட்டன் மாதிரி கல்விக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளில் (2007இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, திறமூலம்) ஸ்லைடை ஏற்றினால் அது வீடியோவாகப் போகாமல் பக்கமாகவே ஒவ்வொரு போனுக்கும் போகும். நீங்கள் அதன் மேல் கிறுக்கினால் கோடு மட்டும் போகும். டேட்டா வித்தியாசம் மிகப் பெரியது, எழுத்தும் உடையாது. மற்றவர்களின் வெப்கேமையும் ஸ்க்ரீன் ஷேரையும் மாணவரே தன் பக்கம் நிறுத்திக்கொள்ள டேட்டா சேமிப்பு அமைப்பும் அதில் உண்டு. உங்கள் நிறுவனத்தில் மூடுல் என்ற இணையவழிக் கற்றல் மென்பொருளின் 4.0 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் பிக்புளூபட்டன் இணைப்பு அதனுடனேயே வருகிறது, கணினிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். சர்வர் மட்டும் நன்றாக அமைந்திருக்க வேண்டும்.

போன் சுடுவதைப் பற்றி. வீடியோவைச் சுருக்குவதும் விரிப்பதும் கடும் கணக்கு வேலை. இதற்கென்றே தனிச் சிப் பகுதி போனில் இருக்கிறது, ஆனால் அது எல்லா வீடியோ வகைக்கும் ஒத்துழைக்காது. எச்.264 என்ற வீடியோ சுருக்க வகைக்கு ஏறக்குறைய எல்லாப் போனிலும் ஆதரவு உண்டு. மற்ற சில வகைகளைப் பொதுச் செயலியே செய்ய வேண்டியிருக்கும், அப்போதுதான் சூடு ஏறுகிறது. சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் போன் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைக்கும். உங்கள் வகுப்பு தொடக்கத்தில் நன்றாகவும் அரை மணிக்குப் பிறகு மோசமாகவும் போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், எல்லாப் பழியும் நெட் மேல் இல்லை. சார்ஜ் போட்டுக்கொண்டே வீடியோ காலில் இருப்பது, பின்னணியை மங்கலாக்குவது, போலிப் பின்னணி வைப்பது எல்லாம் சூட்டைக் கூட்டும். எல்லோரையும் கட்டங்களாகக் காட்டும் பார்வையை விட்டு, பேசுகிறவரை மட்டும் காட்டும் பார்வைக்கு மாறினால் ஒரே ஒரு வீடியோவை விரித்தால் போதும். உறையைக் கழற்றிவிட்டு, காற்றுப் படும்படி எதிலாவது சாய்த்து நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். கையில் பிடித்தால் படம் முழுக்க அசையும், அசையும் படத்துக்கு அதிக டேட்டா.

வெளிச்சமும் அப்படித்தான். இருட்டில் கேமரா எடுக்கும் படத்தில் புள்ளிகள் துடிக்கும், அதையும் அசைவு என்று நினைத்து அனுப்பும். முகத்துக்கு எதிரே விளக்கு இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சைகை

ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். மேலே எல்லோரும் "முதலில் வீடியோவை விடு, குரலைக் காப்பாற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வகுப்புகளுக்குச் சரிதான். காது கேளாத மாணவர் ஒருவர் இருந்தால் அது அப்படியே தலைகீழ்.

நான் காது கேளாதவர்களுக்குக் கற்பிக்கிறேன். சைகை மொழியில் விரல் அசைவும் முகபாவமும்தான் பேச்சு. ஐடியு என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1999இல் சைகை மொழி வீடியோவுக்கு வழிகாட்டி வெளியிட்டது, அதன்படி நொடிக்கு 20 ஃப்ரேம் அளவுக்கு மேல் இருந்தால்தான் உரையாடல் நன்றாக நடக்கும். நெட் குறையும்போது பல ஆப்கள் படத்தின் கூர்மையைக் காப்பாற்ற ஃப்ரேமைக் குறைக்கும், எங்களுக்கு அதுதான் பேச்சு அறுந்துபோகும் இடம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, அசைவு தொடர்ச்சியாக இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், பேசுகிறவரைத் தானாகக் காட்டும் பார்வை. ஆப் யார் குரல் வருகிறது என்று பார்த்துத் திரையை மாற்றுகிறது. சைகையில் பேசுகிறவருக்குக் குரல் இல்லை, ஆகவே அவர் திரைக்கே வர மாட்டார். ஒருங்கிணைப்பவர் ஒவ்வொரு முறையும் அவரைக் கையால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும், மொழிபெயர்ப்பாளரை எல்லோர் திரையிலும் நிலையாகப் பொருத்தி வைக்க வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு ஆசிரியரின் முகம் வெளிச்சத்தில் பெரிதாகத் தெரிய வேண்டும், ஸ்க்ரீன் ஷேர் செய்ததும் அந்த முகம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, போனில் சில நேரம் மறைந்தேவிடுகிறது. தானியங்கி எழுத்து வசதியை ஆன் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், கணக்கியல் சொற்களையும் எண்களையும் அது தவறாக எழுதினால் படிக்கிறவருக்குத் தவறு என்றே தெரியாது.

மேடம், உங்கள் 25 பேரில் யாருக்கு என்ன தேவை என்று முதல் வாரமே தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பொதுவில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒருவர் இருந்தால் மற்ற எல்லோருடைய கேமராவும் மூடியிருப்பதுதான் அவருக்கு நல்லது, ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் அவரும் மட்டும் முழுத் தரத்தில் வரலாம்.

கணக்கியல்_ஆசிரியை

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. சைகை அவர்கள் சொன்னதை நான் யோசித்ததே இல்லை, நாளைக்கே எல்லோருக்கும் தனியாகச் செய்தி அனுப்புகிறேன்.

இந்தப் பருவத்தில் என்ன செய்யப் போகிறேன் என்றால், பாடத்தைப் பதிவு செய்து முன்பே கொடுத்துவிட்டு, நேரலையை 45 நிமிடமாக்கி, அதில் பாதியை நான்கு பேர் அறைகளுக்கு விட்டுவிடுவது. தாள் முன்கூட்டியே பிடிஎஃப். கேமரா கட்டாயம் என்பதை எதிர்த்து எழுத இப்போது காரணங்கள் கையில் இருக்கின்றன. மூடுல் எங்களிடம் இருக்கிறது, பதிப்பு எண்ணைக் கேட்க வேண்டும்.

இரண்டு கேள்விகள் மிச்சம். பேரேட்டை நான் தாளில் எழுதிக் காட்டுவதுதான் மாணவர்களுக்குப் பிடிக்கிறது, அதை எப்படிக் காட்டுவது? மாணவர்களில் நிறையப் பேர் ப்ளூடூத் இயர்போன் வைத்திருக்கிறார்கள், அவர்கள் பேசும்போது குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல இருக்கிறது, அது நெட்டா, இயர்போனா?

பாக்கெட்

பெரும்பாலும் இயர்போன்தான். பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஒரு முறையில் ஓடுகிறது, மைக்கை ஆன் செய்ததும் இரு திசையும் போக வேண்டும் என்பதால் வேறு முறைக்கு மாறி ஒலித் தரத்தை இறக்கிவிடுகிறது. கூடவே கொஞ்சம் தாமதமும் சேரும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான பேச்சுக்குச் சிக்கல் இல்லை என்கிறது ஐடியுவின் ஜி.114 பரிந்துரை, அதைத் தாண்டத் தாண்ட ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் விழத் தொடங்குவார்கள். மைக் உள்ள சாதாரண வயர் இயர்போனே வகுப்புக்குச் சிறந்தது. அது இல்லையென்றால் போனைக் காதில் வைத்துப் பேசுவது, ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதைவிட மேல். ஸ்பீக்கரில் எதிரொலியை அடக்கும் வேலையில் இருவர் சேர்ந்து பேசினால் ஒருவர் குரல் விழுங்கப்படும்.

தாளுக்கு: நீங்கள் கணினியில் இருந்து நடத்துங்கள், உங்கள் போனை இரண்டாவது பங்கேற்பாளராக அதே வகுப்பில் சேர்த்து, மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்துவிட்டு, கேமரா தாளைப் பார்க்கும்படி மேலே ஒரு தாங்கியில் நிலையாகப் பொருத்துங்கள். பின்பக்கக் கேமராவைப் பயன்படுத்துங்கள், முன்கேமராவில் உங்களுக்குத் தெரியும் படம் இடவலம் மாறி வந்து குழப்பும். தடித்த முனைப் பேனா, கோடில்லாத வெள்ளைத் தாள், ஒரு தாளில் ஒரே ஒரு கணக்கு. பற்றும் வரவும் பக்கம் பக்கமாக வரும்போது தாளைப் படுக்கைவாட்டில் வைத்து மாணவர்களையும் போனைத் திருப்பச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் கையைப் படத்தில் இருந்து எடுத்துவிட்டு விளக்குங்கள். அசைவு நின்றதும் படம் தெளிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் அந்தத் தாளைப் புகைப்படம் எடுத்துக் குழுவில் போடுங்கள், அன்றைக்கு விழுந்துபோனவர்களுக்கு அதுவும் வேண்டும்.